சீனன்குடாவில் விழும் விமானங்களை யார் விசாரிப்பது?

திருகோணமலை உட்துறைமுகத்தின் மேற்குக் கரையில் இருக்கிறது சீனன்குடா. பிரித்தானியர் காட்டுக்குள் கட்டி விட்டுச்சென்ற எண்ணெய்க் குதங்கள் ஒருபுறம், மாவு ஆலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் இன்னொருபுறம், இவற்றுக்கு நடுவே கடல்நீரை ஒட்டினாற்போல் நீண்டு கிடக்கும் ஒரு விமான ஓடுபாதை. 2023 ஆகஸ்ட் 7 ஆம் திகதி முற்பகல் 11.25 மணியளவில் இந்த ஓடுபாதையிலிருந்து பீ.ரி.-6 ரகப் பயிற்சி விமானம் ஒன்று மேலெழுந்தது. இரண்டே நிமிடங்களில், விமானப்படைத் தளத்தின் எல்லைக்குள்ளேயே அது விழுந்து நொறுங்கியது. விமானத்தைச் செலுத்திய அதிகாரியும் உடன் சென்ற பொறியியல் பிரிவு அதிகாரியும் உயிரிழந்தனர்.

மறுநாள் பத்திரிகைகளில் வந்த செய்தியின் கடைசி வாக்கியத்தை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். விபத்துக்கான காரணத்தைக் கண்டறிய விமானப்படைத் தளபதியால் விசேட விசாரணைக் குழு நியமிக்கப்பட்டுள்ளது. செய்தி ஆசிரியர் பீடத்தில் நீண்ட காலம் இருந்தவர்களுக்கு இந்த வாக்கியம் மனப்பாடம். படைத்தரப்பின் அறிக்கை வருவதற்கு முன்பே உதவி ஆசிரியர் அதை எழுதி வைத்துவிடுவார். பின்னர் வரும் அறிக்கையிலும் அது அப்படியே இருக்கும். அந்தக் குழு என்ன கண்டறிந்தது என்ற செய்திக்கு நாங்கள் அச்சுக் கோத்த நாள்கள் மிகக் குறைவு. கேட்டுத் தொடரவேண்டியது பத்திரிகையாளர் கடமைதான். ஆனால் எந்த வாசலில் போய்க் கேட்பது?

இதே ஓடுபாதையில் ஒரு பயணிகள் விமானம் விழுந்திருந்தால் நிலைமை வேறு. அப்போது விசாரணைக்கென்று உலகம் ஒப்புக்கொண்ட முறை ஒன்று இருக்கிறது. 1944 இல் கைச்சாத்தான சிக்காகோ உடன்படிக்கையின் 26 ஆவது உறுப்புரை, விபத்து எந்த நாட்டில் நிகழ்கிறதோ அந்த நாடே விசாரணையை ஆரம்பிக்க வேண்டும் என்கிறது. 1951 இல் அந்த உடன்படிக்கைக்கு 13 ஆவது இணைப்பு சேர்க்கப்பட்டது. விசாரணை எப்படி நடக்கவேண்டும் என்பதை விரித்துரைப்பது அந்த இணைப்புத்தான். விமானம் எந்த நாட்டில் பதிவானதோ, எந்த நாட்டு நிறுவனம் அதை இயக்கியதோ, எந்த நாடு அதை வடிவமைத்துச் செய்ததோ அவையெல்லாம் தத்தம் பிரதிநிதிகளை அனுப்பும் உரிமை பெற்றவை. முப்பது நாள்களுக்குள் முதனிலை அறிக்கை. இயன்றால் ஓராண்டுக்குள் இறுதி அறிக்கை. இயலாவிட்டால் ஒவ்வோர் ஆண்டும் விபத்து நாளில் ஓர் இடைக்கால அறிவிப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி உண்டு. இவ்விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பது. பழியையோ பொறுப்பையோ யார் தலையிலும் சுமத்துவது அதன் வேலையன்று.

பலருக்கு இது விசித்திரமாகத் தோன்றும். விபத்து என்றால் குற்றவாளி வேண்டும் என்று எதிர்பார்ப்பது மனித இயல்பு. ஆனால் தண்டனை காத்திருக்கும் இடத்தில் எந்த விமானியும், எந்த இயந்திர வல்லுநரும், எந்தக் கட்டுப்பாட்டு அதிகாரியும் முழு உண்மையைச் சொல்லப் போவதில்லை. பொலிஸ் விசாரணை வேறு, நீதிமன்றம் வேறு, விபத்து விசாரணை வேறு என்று பிரித்து வைத்தமைக்குக் காரணம் அதுவே. பிரித்தானியர் 1915 இலேயே, முதலாம் உலகப்போரின் நடுவில், விமான விபத்துகளுக்கென்று தனி ஆய்வாளர் ஒருவரை நியமித்தனர். அமெரிக்காவில் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 1967 இல் தோன்றியது. போக்குவரத்துத் திணைக்களத்தின் நிழலிலிருந்து அது முற்றாக விலகச் சில ஆண்டுகள் பிடித்தன. இந்தியா இன்னும் தாமதம். மங்களூரில் 2010 மே மாதம் 158 பேர் மாண்ட விபத்துக்குப் பின்னர், 2012 இலேதான் அங்கே விமான விபத்து விசாரணைப் பணியகம் அமைக்கப்பட்டது. 2025 ஜூன் 12 இல் அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் இறந்தபோது, சரியாக ஒரு மாதத்தில் அந்தப் பணியகம் முதனிலை அறிக்கையை வெளியிட்டது. அதைச் சுற்றி எழுந்த சர்ச்சைகள் ஓயவில்லை. ஆயினும் சர்ச்சை செய்வதற்கு மக்கள் கையில் ஓர் ஆவணம் இருந்தது.

இலங்கைக்கும் இந்த அனுபவம் உண்டு. அதுவும் கசப்பான அனுபவம். 1974 டிசம்பர் 4 ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுராபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பு வழியாக ஜெத்தா செல்லவிருந்த மார்ட்டின் எயார் டீசி-8 விமானம், கட்டுநாயக்கவில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வந்து, நோர்ட்டன் பிரிட்ஜ் அருகே ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் தப்பவில்லை. விமானிகள் தாம் இருந்த இடத்தைத் தவறாகக் கணித்து, விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாக எண்ணிப் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கினர் என்பது விசாரணையின் முடிவு.

நான்கு ஆண்டுகளின் பின், 1978 நவம்பர் 15 இரவு, மீண்டும் ஹஜ் யாத்திரிகர்கள். இம்முறை ஜெத்தாவிலிருந்து ஊர் திரும்புபவர்கள். ஐஸ்லாந்து நிறுவனமொன்றின் டீசி-8 விமானம் மழைக்குள் கட்டுநாயக்க ஓடுபாதையை நோக்கி வந்து, அதை எட்டுமுன்பே தென்னந்தோட்டத்துள் விழுந்தது. அதில் இருந்த 262 பேரில் 183 பேர் மாண்டனர். இலங்கை விசாரணையாளர்கள், விமானிகள் இறங்கும் நடைமுறையைச் சரிவரப் பின்பற்றவில்லை, உயரத்தையும் இறங்கும் வேகத்தையும் காட்டும் கருவிகளைக் கவனிக்கவில்லை என்றனர். ஐஸ்லாந்து தரப்பு அதை ஏற்கவில்லை. தரையிலிருந்து விமானத்துக்கு வழிகாட்டும் கருவிகள் சரிவரப் பராமரிக்கப்படவில்லை, கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து கிடைத்த தகவலும் பிழை என்று அது வாதாடியது.

யார் சொன்னது சரி என்று தீர்ப்பளிக்க இங்கே நான் வரவில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. இலங்கையின் விமான நிலையம், இலங்கையின் கட்டுப்பாட்டுக் கோபுரம், இலங்கையின் விசாரணை. தன் வீட்டுக் கூரை ஒழுகியதா என்பதைத் தானே ஆராயவேண்டிய நிலை. அப்படியிருந்தும், மறுதரப்பு தன் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய முடிந்தது. 13 ஆவது இணைப்பின் பயன் இங்கேதான் தெரிகிறது. இரண்டு முடிவுகளும் அரை நூற்றாண்டு நெருங்கும் இவ்வேளையிலும் எவரும் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடியவையாக உள்ளன.

விசாரிக்க எதுவுமே கைக்கு எட்டாத சம்பவமும் நம்மிடம் இருக்கிறது. 1998 செப்டெம்பர் 29 ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் அன்ரனோவ்-24 விமானம், சற்று நேரத்தில் மன்னார்க் கடற்பரப்புக்கு மேலே ராடாரிலிருந்து மறைந்தது. அதில் 55 பேர் இருந்தனர். பயணிகளில் பெரும்பாலோர் தமிழர்கள். போர் நடந்த காலம். சிதைவு கடலுக்கடியில், கறுப்புப் பெட்டிக்கு வழியில்லை. விடுதலைப் புலிகளின் ஏவுகணையால் அது வீழ்த்தப்பட்டது என்ற முடிவு, போர் முடிந்தபின் கைதானவர்களின் வாக்குமூலங்களோடு உறுதிப்பட்டது. 2012 இல் இரணைதீவை அண்டிய கடலில் சிதைவு அடையாளங் காணப்பட்டு, 2013 இல் கடற்படைச் சுழியோடிகள் பாகங்களை மேலே கொண்டுவந்தனர். 2014 ஜனவரியில், மீட்கப்பட்ட உடைகளும் உடைமைகளும் யாழ்ப்பாணத்தில் உறவினர்களுக்குக் காட்டப்பட்டன. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு சேலைத் துண்டைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்ல வேண்டிய கொடுமை. விபத்து விசாரணை என்பது நாட்டின் சமாதானத்தையும் நம்பி நிற்கும் ஒரு தொழில் என்பதை அந்தக் காட்சி சொல்லிற்று.

இவையெல்லாம் பயணிகள் விமானங்கள். சீனன்குடாவின் கதை வேறு, ஏனெனில் சிக்காகோ உடன்படிக்கையின் 3 ஆவது உறுப்புரை இராணுவ, சுங்க, பொலிஸ் விமானங்களைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது. சீனன்குடாவோ பிறந்த நாளிலிருந்து படையினரின் நிலம்.

1942 ஏப்ரல் 9 ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, அவற்றை எதிர்க்க ஹரிகேன் விமானங்கள் எழுந்தது இந்த ஓடுபாதையிலிருந்துதான். அதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அதிகம் பேசப்படாத ஒரு விபத்து இரண்டு ஆண்டுகள் கழித்து அதே துறைமுகத்தில் நிகழ்ந்தது. எதிரியின் குண்டு எதுவும் இல்லாமலே.

பம்பாயில் கட்டப்பட்ட மிதக்கும் உலர்துறை ஒன்று அப்போது திருகோணமலையில் இருந்தது. கப்பலின் அடிப்பாகத்தைச் செப்பனிடுவதற்கான சாதனம் அது. அதன் அடியிலுள்ள தொட்டிகளில் நீரை நிரப்பினால் துறை தாழும். கப்பல் உள்ளே நுழையும். பின்னர் நீரை இறைக்க இறைக்கத் துறை கப்பலைத் தாங்கிக்கொண்டே மேலெழும். 1944 ஆகஸ்ட் 8 ஆம் திகதி வேலியன்ற் என்ற போர்க்கப்பலை அப்படித் தூக்கினார்கள். முப்பதாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட கப்பல். வெடிமருந்து முழுவதும் உள்ளேயே இருந்தது. துறை கப்பலைவிட நீளமானது. ஆகவே பாரம் நடுவில் அழுத்த, எந்தத் தொட்டியை எப்போது எவ்வளவு இறைப்பது என்ற ஒழுங்கு உயிர்நாடியாக இருந்தது. அந்த ஒழுங்கு பிழைத்தது. முனைகள் மேலெழ, நடுப்பகுதி தாங்க முடியாமல், துறை முதுகு முறிந்து மூழ்கியது. கப்பல் தப்பியது, ஆனால் அதன் உள் திருகுகளும் சுக்கானும் சிதைந்தன. நேராகச் செல்லக்கூட முடியாமல் தள்ளாடிச் சுயஸ் வரை போன அக்கப்பலின் சேதமுற்ற தண்டுகளைச் சுழியோடிகள் நீருக்கடியில் அறுத்தெறிய வேண்டியிருந்தது. பின்னர் அது பிரித்தானியா திரும்பிற்று; போர்முனைக்கு மீளவேயில்லை.

கடற்படையின் துறை, கடற்படையின் கப்பல். இயக்கியவர்களும் கடற்படையின் ஆட்கள், விசாரித்ததும் கடற்படை. போர்க்காலத் தணிக்கைக்குள் இத்தகைய சம்பவம் வெளியே பேசப்பட வழியிருக்கவில்லை. கரையில் நின்று அந்தப் பேரிரும்பு மூழ்குவதைக் கண்ட கூலித் தொழிலாளர்களுக்கு அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று எவருக்கும் தோன்றியிருக்காது.

1957 இல் பிரித்தானியர் திருகோணமலைத் தளங்களை இலங்கையிடம் ஒப்படைத்தனர். சீனன்குடா ஓடுபாதை நம் விமானப்படையிடம் வந்தது; பின்னர் விமானப்படைக் கல்விக்கழகமும் அங்கேயே அமைந்தது. இளம் விமானிகள் முதன்முதலாகத் தனியே பறக்கக் கற்கும் இடம் அது. பயிற்சிக்குப் பயன்படும் பீ.ரி.-6 சீனத் தயாரிப்பு. அதன் மூல வடிவம் 1958 இல் முதன்முதலாகப் பறந்தது. பழைய வடிவம் என்பதனாலேயே ஒரு விமானம் ஆபத்தானது என்று சொல்லிவிட முடியாது. உலகெங்கும் எளிய, உறுதியான பழைய பயிற்சி விமானங்கள் பறந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் 2020 டிசம்பர் 15 அன்று சீனன்குடாவிலிருந்து தனியே புறப்பட்ட பயிலுநர் விமானி ஒருவர் கந்தளாய்ப் பகுதியில் விழுந்து இறந்ததும் இதே ரக விமானத்தில். மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு விபத்துகள், மூன்று உயிர்கள். 2025 மார்ச் 21 இல் சீனன்குடாவிலிருந்து சென்ற கே-8 பயிற்சி ஜெட் வாரியபொலவில் விழுந்தது. அதிலிருந்த இருவரும் பரசூட் மூலம் உயிர் தப்பினர். ஒவ்வொரு முறையும் நான் மேலே சொன்ன அதே கடைசி வாக்கியம்.

படைத்தரப்புக்குச் சொல்ல நியாயங்கள் இல்லாமலில்லை. ஒரு போர்விமானத்தின் திறன்களையும் குறைகளையும் பகிரங்கமாக எழுதி வைக்க எந்த நாடும் விரும்பாது. விசாரணையில் சாட்சி சொல்லும் அதிகாரி, தன் வார்த்தை நாளைய பத்திரிகையில் வராது என்ற நம்பிக்கையோடுதான் பேசுவார். இதையெல்லாம் ஏற்றுக்கொண்டாலும், குடும்பத்துக்குக்கூட ஒரு சுருக்கம் சொல்ல முடியாதா என்ற கேள்வி மிஞ்சுகிறது. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயுமன்று. 2021 டிசம்பர் 8 ஆம் திகதி குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் இந்திய முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகொப்டர் விழுந்தது. அடுத்த மாதமே முப்படை விசாரணையின் ஆரம்ப முடிவுகளை அறிவித்தார்கள். எதிர்பாராத வானிலை மாற்றத்தால் ஹெலிகொப்டர் மேகத்துள் நுழைந்தது, விமானி நிலைதெரியாது தடுமாறினார் என்றார்கள். அதன் பிறகு நீண்ட மௌனம். 2024 டிசம்பரில் பாராளுமன்ற நிலைக்குழு அறிக்கையொன்றின் அட்டவணையில், பல விபத்துகளுக்கு நடுவே ஒரு வரியாக, காரணம் விமானக் குழுவினரின் மனிதத் தவறு என்று இருந்தது. நாட்டின் முதலாவது முப்படைத் தலைமைத் தளபதியின் மரணத்துக்கே ஓர் அட்டவணை வரிதான் என்றால், பயிலுநர் விமானியின் தாய் எதை எதிர்பார்ப்பது?

இறந்த விமானி மறுமொழி சொல்ல வரமாட்டார். படை தன்னைத்தானே விசாரிக்கும்போது மிகப் பெரிய ஆபத்து இதுதான். பிரித்தானியாவில் நடந்த ஒரு வழக்கை இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 1994 ஜூன் 2 ஆம் திகதி, வட அயர்லாந்திலிருந்து உளவுத்துறை அதிகாரிகளை ஏற்றிச் சென்ற விமானப்படையின் சினூக் ஹெலிகொப்டர், ஸ்கொட்லாந்தின் கின்ரயர் முனையில் பனிமூட்டத்துள் மலைச்சரிவில் மோதி 29 பேரும் இறந்தனர். விமானப்படையின் விசாரணைக்குப் பின் அறிக்கையை மீளாய்ந்த இரண்டு உயரதிகாரிகள், மாண்டுபோன இரு விமானிகளும் பாரதூரமான கவனயீனம் இழைத்தனர் என்று எழுதினர். ஐயத்துக்கு எள்ளளவும் இடமில்லாதபோது மட்டுமே இறந்தவர்மேல் அத்தகைய பழியைச் சுமத்தலாம் என்று அந்தப் படையின் சொந்த விதியே சொல்லியிருந்தது. அந்த ஹெலிகொப்டரில் கறுப்புப் பெட்டி கிடையாது. அந்த ரகத்தின் இயந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருள் பற்றிப் படைக்குள்ளேயே கவலைகள் இருந்தன. இறந்த விமானிகளின் தந்தையர் போராடினார்கள். ஸ்கொட்லாந்து நீதிமன்ற விசாரணை, பாராளுமன்றக் குழுக்கள் என்று ஆண்டுகள் கழிந்தன. படைக்கு வெளியேயிருந்து வந்த ஒரு நீதிபதியின் மீளாய்வுக்குப் பின், 2011 ஜூலையில்தான் அந்தப் பழி நீக்கப்பட்டது. பதினேழு ஆண்டுகள்.

பிரித்தானியா அதிலிருந்தும், 2006 இல் ஆப்கானிஸ்தானில் 14 பேரோடு வெடித்து விழுந்த நிம்ரொட் விமானத்திலிருந்தும் கற்றுக்கொண்டது. நிம்ரொட் பற்றி வெளியாள் ஒருவரான சார்ள்ஸ் ஹடன்-கேவ் என்ற சட்டத்தரணி நடத்திய மீளாய்வு 2009 இல் வெளிவந்தபோது, படைத் தலைமையையும் விமானத்தைச் செய்த, பராமரித்த நிறுவனங்களையும் பெயர் சொல்லிக் கண்டித்தது. அடுத்த ஆண்டிலேயே இராணுவ விமானப் பாதுகாப்புக்கென்று தனி அதிகாரசபை அமைக்கப்பட்டது. இன்று அங்கே படையினர் உயிரிழக்கும் விபத்துகளின் விசாரணை அறிக்கைகள், பாதுகாப்புக்குக் குந்தகமான பகுதிகள் கறுப்பு மை பூசி மறைக்கப்பட்டு, பொதுமக்கள் படிக்க வெளியிடப்படுகின்றன. கறுப்பு மை பூசிய பக்கமும் பக்கம்தான். ஒன்றும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

சீனன்குடாவிலிருந்து நீரைக் கடந்து தெற்கே பார்த்தால் கிண்ணியா. விசாரணை அமைப்பு என்று ஒன்று அறவே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அங்கே பார்க்கலாம். குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்தை அகற்றிப் புதிய பாலம் கட்டும் வேலை நடந்தபோது, மக்கள் ஒரு தற்காலிகப் பாதையில் கடந்தார்கள். கிழக்கில் பாதை என்றால் நீரைக் கடக்கும் மிதவையும்தான் என்பது பிற நாட்டு வாசகர்களுக்குப் புதிதாயிருக்கலாம். 2021 நவம்பர் 23 ஆம் திகதி காலை, பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளோடு அது கவிழ்ந்தது. பிள்ளைகள் உட்பட அன்றே ஆறு பேர் மாண்டனர். ஊர் கொதித்தது, அரசியல்வாதி ஒருவரின் வீடு தாக்கப்பட்டது. பாதையை ஓட்டியவர்கள் கைதாயினர். அனுமதி தொடர்பில் நகரசபைத் தலைவரும் கைதானார். கடற்படை வந்து படகுச் சேவை நடத்திற்று.

கைது செய்வதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது, செய்தார்கள். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பொலிஸ் கேட்பது யார் என்ற கேள்வியை. விபத்து விசாரணையாளன் கேட்பது எப்படி என்ற கேள்வியை. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்ய மாட்டா. வெள்ளையர் ஆட்சிக்கே இது விளங்கியிருந்தது. 1941 இல் இந்தியாவின் ரயில்வே பாதுகாப்பு ஆய்வாளர்களை ரயில்வே சபையின் பிடியிலிருந்து பிரித்து, தபாலையும் விமானத்தையும் கவனித்த திணைக்களத்தின் கீழ் வைத்தார்கள். ரயிலை ஓட்டுபவனே ரயில் விபத்தை விசாரிக்கக்கூடாது என்பதற்காக. இன்றும் இந்தியாவில் ரயில் பாதுகாப்பு ஆணையர்கள் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சின் கீழேயே இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேடிக்கையாகத் தோன்றினாலும், அந்த ஏற்பாட்டின் பொருள் ஆழமானது.

இலங்கையில் சிவில் விமானங்களுக்கு 2010 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டமும் சர்வதேசக் கடப்பாடும் உண்டு. ரயிலுக்கும் படகுக்கும் படை விமானத்துக்கும் சேர்த்து ஒரே கூரையின் கீழ், எந்த அமைச்சின் தயவிலும் இல்லாத ஒரு சிறு சபையை அமைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. சில பொறியியலாளர்கள், ஓய்வுபெற்ற ஒரு விமானி, ஒரு கப்பல் தலைவர், அறிக்கையைப் பாராளுமன்றத்தில் வைக்கவேண்டும் என்று ஒரு விதி, மூன்று மொழிகளிலும் அது அச்சாக வேண்டும் என்று இன்னொரு விதி.

அப்படியொரு சபை 2021 இல் இருந்திருந்தால் குறிஞ்சாக்கேணிக் கரைக்குப் போய்ச் சில சாதாரணக் கேள்விகளைக் கேட்டிருக்கும். அந்த மிதவை எத்தனை பேரைத் தாங்கும் என்று யார் கணக்கிட்டது? பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் என்னாகும் என்று யாராவது பார்த்தார்களா? உயிர்காப்பு அங்கி எத்தனை இருந்தது? பழைய பாலத்தை உடைக்கு முன்பு, பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்கூடம் போவார்கள் என்று எந்தக் கூட்டத்தில், எந்த மேசையில் பேசினார்கள்? பாலம் கட்டும் ஒவ்வோர் ஊரிலும் அதே கேள்விகள் இருக்கின்றன. ஒருவரைப் பிணையில் விடுவதா, விளக்கமறியலில் வைப்பதா என்று தீர்மானிக்க அவற்றின் விடைகள் தேவைப்படுவதில்லை.